கோழியைப் பிரித்தவனுக்குக் கழுத்துத் துண்டு

ஒரு பெரிய வட்டத் தட்டம். அதிலே குவித்த நெய்ச்சோறு. சோற்றின் உச்சியில் முழுசாய் ஒரு பொரித்த கோழி. தட்டத்தைச் சுற்றிப் பாயில் ஆறு பேர் சப்பணமிட்டு இருக்கிறோம். ஆறு பேருக்கும் நல்ல பசி. கையும் கழுவியாயிற்று. ஆனால் ஒருவருடைய கையும் கோழிப் பக்கம் போகவில்லை.

வேலியில் இருந்த காகம்கூடப் பொறுமை இழந்து இரண்டு தரம் கத்திவிட்டது.

பிள்ளைகளே, அந்தக் கோழி ஆறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எங்கள் ஊருக்கு ஓர் ஆட்சி பிறந்தது. பகிடி இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

போன கிழமை, என் கூடாரத்தைக் கச்சான் காற்று தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வளவுத் தென்னையில் மாட்டிய கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு என் மகள் சுமையா, "வாப்பா, எல்லாக் கதையும் எழுதுறீங்க. நம்மட மதகுக் கதைய மட்டும் ஏன் எழுதல்ல?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த மதகும் இந்தக் கோழியும் ஒரே கதைதான். கோழியை அப்படியே தட்டத்தில் விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போவோம். அது ஓடாது.

நான் மெம்பர் ஆன விதம்

என்னைப் புதிதாய் வாசிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் அலியார். கல்முனைக்குத் தெற்கே, கடற்கரையோரத்து ஊர். கூடாரம், கதிரை, நாலு பேர் இருக்கிற நீள வாங்கு, சஹன் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். படித்தது பத்தாம் வகுப்பு மட்டும்.

சஹன் என்றால் மேலே சொன்ன அந்த வட்டத் தட்டம். எங்கள் கலியாண வீடுகளில் ஆளுக்கொரு சாப்பாட்டுக் கோப்பை இல்லை. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாய்ச் சாப்பிடுவார்கள். ஐந்து பேர் இருந்தால் பரிமாற மாட்டார்கள். "இஞ்ச ஒராள் குறையுது!" என்று கூப்பிட்டு, வழியில் போகிறவரையாவது பிடித்து இருத்திய பிறகுதான் சோறு வரும்.

பிரதேச சபைத் தேர்தல் வந்தபோது ஊரில் சில இளந்தாரிகள் சுயேச்சைக் குழு ஒன்று தொடங்கினார்கள். சின்னம் பம்பரம். கூட்டம் வைக்க வாங்கு வேண்டும் என்று என் கடைக்கு வந்தார்கள். வாங்கு கொடுத்தேன். பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது என்றார்கள். பெயரும் கொடுத்தேன். சஹனில் ஒராள் குறைந்தால் உட்காருவதில்லையா, அந்த மாதிரித்தான் நினைத்தேன்.

பம்பரத்துக்குக் கிடைத்த வாக்குகளுக்கு ஒரே ஓர் ஆசனம் வந்தது. குழுத் தலைவர் அதற்குள் விசா வந்து கட்டாருக்குப் போய்விட்டார். அடுத்தவர் நோன்பு பிடித்தவர் மாதிரி வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஆசனம் என் தலையில் வந்து இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி நூர்ஜஹான் அடுப்படியில் இருந்து எட்டிப்பார்த்து, "கதிரைக்காரருக்கு ஒரு கதிர கிடைச்சிருக்கி. அத மட்டும் வாடகைக்கு விட்டுராதீங்க," என்றாள்.

சுமையா சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது நாலாம் வகுப்பு.

"வாப்பா, நீங்க இப்ப மெம்பர்தானே? அப்ப நம்மட ஒழுங்கைக்கு மதகு கட்டுவீங்களா?"

எங்கள் ஒழுங்கை பள்ளிக்கூடத்துக்குப் போகும் குறுக்கு வழி. அதன் நடுவில் ஒரு பழைய வடிகால் ஓடுகிறது. மேலே போட்டிருந்த கொங்கிறீட் உடைந்து விழுந்து நாளாகிவிட்டது. மாரி மழை தொடங்கினால் அந்த இடம் முழங்காலளவு நீர். போன மாரியில் சுமையா அதில் விழுந்து, புத்தகப் பையோடு நனைந்துவிட்டாள். கொப்பிகளை அடுப்படியில் காய வைத்தோம். அவளுடைய சமய பாடக் கொப்பியில் இன்றைக்கும் மீன் குழம்பு வாசம் இருக்கிறது.

"ஓம் மகள். மாரிக்கு முன்னுக்குக் கட்டுவன், இன்ஷா அல்லாஹ்," என்றேன்.

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சபையைப் பற்றி யோசித்தேன்.

குடை எப்படிக் கிழிந்தது

தெரு விளக்கு, குப்பை, சந்தை, ஒழுங்கை, மதகு எல்லாம் பிரதேச சபையின் வேலை. எங்கள் சபையில் பதினொரு பேர். சபைக்குத் தலைமை தாங்கத் தவிசாளர் ஒருவரைத் தெரிவு செய்ய ஆறு கை உயரவேண்டும். தவிசாளர் இல்லாவிட்டால் எந்தத் தீர்மானமும் இல்லை. மதகும் இல்லை.

குடைக் கட்சிக்கு நாலு பேர். தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தல் சின்னத்துக் கட்சிக்கு நாலு பேர். மீதி மூன்று பேரும் தனித்தனி: பம்பரத்தில் நான், ஏணியில் லொறிக்கார ஜப்பார், மண்வெட்டியில் புவனேஸ்வரி அக்கா. அக்கா எங்கள் சபைக்குள் வரும் தமிழ்க் கிராமத்தவர். சாகாமம் பக்கம் வயல் செய்கிற குடும்பம்.

நாலோடு நாலைச் சேர்த்தால் எட்டு, பிறகென்ன கஷ்டம் என்று கணக்குப் படிக்கும் பிள்ளைகள் கேட்பீர்கள். கணக்கு சரிதான். ஆட்கள்தான் சேரமாட்டார்கள்.

நான் சின்னவனாய் இருந்தபோது ஊரில் ஒரே கட்சி. குடை. ஊர் முழுக்க அதன் கீழே நின்றது. ஒரு நாள் பெரிய கூட்டம். மேடையில் முன்வரிசைக் கதிரை ஒன்று குறைந்துவிட்டது. (என் கடைக் கதிரை இல்லை. அப்போது எனக்குக் கடையே இல்லை.) ஒருவரைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அவர் பின்வரிசைக்குப் போகவில்லை, மேடையை விட்டே இறங்கினார். நேராய்த் தேத்தண்ணிக் கடைக்குப் போனார். அவரோடு நாற்பது ஐம்பது பேர் போனார்கள். அந்தத் தேத்தண்ணிக் கடையில் பிறந்ததுதான் கேத்தல்.

பிறகு கேத்தல் ஆட்களுக்குள் மனஸ்தாபம் வந்து ஜப்பார் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். ஏணியிலும் ஜப்பாருடைய சொந்தத் தம்பி பிரிந்து இன்னொரு சின்னத்தில் வாக்குக் கேட்டார். அவருக்கு ஆசனம் கிடைக்கவில்லை. அவருடைய மனைவி குடைக்குப் போட்டாராம். அதையும் அவர்தான் சந்தியில் நின்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

இப்போது என் சங்கடத்துக்கு வருகிறேன். குடைக்குத் தலைவர் ஹனிபா. அவர் என் மனைவியின் காக்கா, அதாவது அண்ணன், எனக்கு மச்சான். கேத்தலுக்குத் தலைவர் சம்சுதீன். என்னோடு ஒரே வாங்கில் படித்தவன், பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே தும்முவோம்.

"எங்கட காக்காக்கு நீங்க கை தூக்கல்லயெண்டா, நான் எந்த மூஞ்சியோட உம்மாட ஊட்டுக்குப் போற?" என்று நூர்ஜஹான் கேட்டாள்.

சுவருக்கு மேலால் சம்சுதீன் தலையை நீட்டி, "அலியார், நான் உன்ன ஒண்டும் கேக்கல்ல. கேக்கவே மாட்டன். எனக்குத் தெரியும் நீ ஆருக்குப் போடுவாயெண்டு," என்றான். கேட்டிருந்தால்கூட எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

ஜப்பார் எல்லோரையும் விடக் கெட்டிக்காரர். உப தவிசாளர் பதவி தருகிறோம் என்று குடையும் சொன்னது, கேத்தலும் சொன்னது. இரண்டு பக்கத்துக்கும் "ஓம்" என்றுவிட்டு, இரண்டு வீட்டிலும் சாப்பிட்டார்.

இரண்டு வேன்கள்

முதல் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். தெரிவை நடத்தக் மாவட்டக் கச்சேரி அலுவலகப் பக்கமிருந்து ஓர் அதிகாரி வந்தார். நேர்த்தியான மனுஷர். மேசையில் தண்ணீர்ப் போத்தல், பேனை எல்லாவற்றையும் அடுக்கி வைத்துக்கொண்டு இருந்தார்.

மண்டபத்துக்குள் போனவர்கள் இரண்டே பேர். நானும் புவனேஸ்வரி அக்காவும்.

குடைக்காரர்கள் வந்த வேன் தெருவின் இந்தப் பக்கம் நிற்கிறது. கேத்தல்காரர்கள் வந்த வேன் அந்தப் பக்கம் நிற்கிறது. இரண்டிலும் கறுப்புக் கண்ணாடி. தங்கள் ஆள் ஒருவரை மற்றப் பக்கம் இரகசியமாய் வாங்கிவிட்டதோ என்று இரண்டு பேருக்கும் பயம். முதலில் உள்ளே போய்த் தோற்றுவிட்டால்? அதனால் மற்றவன் முதலில் இறங்கட்டும் என்று இரண்டு வேனும் காத்திருக்கின்றன. ஜப்பார் நடுத்தெருவில் நின்று இரண்டு வேனுக்கும் மாறிமாறிக் கையசைக்கிறார்.

அக்கா யன்னலால் பார்த்துவிட்டுச் சொன்னா: "தம்பி, எங்கட பக்கம் ரெண்டு மாடு வாய்க்கால் கட்டுல நேருக்கு நேரா வந்தா இப்பிடித்தான் நிக்கும். ஆனா மாடெண்டா கொஞ்சத்தில ஒண்டு பின்வாங்கும்."

"இதுகள் வாங்காது அக்கா."

"எனக்கு இதுல வந்து இருக்க நேரமில்ல தம்பி. வயல் வெட்டு வரப்போகுது. வயலுக்குப் போற ரோட்டு உடைஞ்சு கிடக்கு. மெசினும் வராது, உழவு மெசின் பெட்டியும் வராது. போன வெள்ளாமைக்கு மூட்டையத் தலையில சுமந்தம். அதுக்குத்தான் நான் மெம்பரா வந்தது."

எனக்கு ஒரு மதகு. அக்காவுக்கு ஒரு ரோட்டு. வெளியே இரண்டு வேன்.

கடைசியில் அதிகாரி எழுந்து, போதிய உறுப்பினர் இல்லை, கூட்டம் பிற்போடப்படுகிறது என்று அறிவித்தார். அறிவிப்பைக் கேட்கவும் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் போன பிறகு இரண்டு வேன்களும் ஒரே நேரத்தில் புறப்பட்டு, ஒன்றையொன்று விலத்த முடியாமல் சந்தியில் இறுகி நின்றன.

அந்த நாட்களில் ஊர் எப்படி இருந்தது தெரியுமா? சந்தித் தெரு விளக்கு எரியாது. குப்பை அள்ளும் உழவு மெசின் டயர் இல்லாமல் கட்டையில் நின்றது. ஆரிடம் கேட்பது? கேட்க ஆள் இல்லை. பதினொரு பேர் இருந்தும் ஆள் இல்லை.

சுமையா ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள்.

கடைசிச் சஹன்

அப்போதுதான் ஹனிபா மச்சானின் மகளுக்குக் கலியாணம் வந்தது.

கலியாணத்துக்கு அழைப்பதில் எங்கள் ஊரில் கட்சி பார்ப்பதில்லை. பார்த்தால் ஊர் மன்னிக்காது. எல்லோருக்கும் சொன்னார்கள். எல்லோரும் வந்தார்கள். ஆனால் வந்தவர்களின் கண் மாப்பிள்ளையில் இல்லை, சஹனில் இருந்தது. ஆர் ஆரோடு ஒரு சஹனில் உட்காருகிறார் என்று பார்த்தார்கள். கேத்தல் மெம்பர் ஒருவர் தெரியாமல் குடைக்காரர் இருந்த சஹனில் குந்தப்போய், பாதிவழியில் இடுப்புப் பிடித்தவர் மாதிரி நிமிர்ந்து, "எனக்குச் சீனி வருத்தம், நெய்ச்சோறு ஒத்துவராது," என்று சொல்லிவிட்டு ஓடினார். பிறகு அவரை வேறு கூடாரத்தில் இரண்டாம் தரம் சோறு கேட்கும்போது கண்டேன்.

எங்கள் ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு. கலியாண வீட்டில் வேலை செய்தவர்கள் விருந்தாளிகளோடு சாப்பிடமாட்டார்கள். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, சமையல் நடந்த குசினி வளவில் பாய் போட்டு, மிஞ்சியவர்கள் கூடி உட்காருவார்கள். அதற்குப் பெயர் கடைசிச் சஹன். அதில் ஆர் பக்கத்தில் ஆர் என்று தேர்ந்து உட்கார முடியாது. வேலை செய்தவர் எல்லாம் அதிலேதான்.

ஹனிபா மச்சான் பெண்ணின் வாப்பா. வீட்டுக்காரர் கடைசியில்தான் சாப்பிடவேண்டும். நான் சஹன்காரன். சமையல்காரக் காசிம் காக்கா. கதிரை ஏற்றி இறக்கியது ஜப்பாருடைய லொறி, ஆகவே ஜப்பார். ஐந்தாவது ஆள் சம்சுதீன்.

சம்சுதீன் எப்படி வந்தான் என்கிறீர்களா? மச்சானுடைய வளவுக்குப் பின்வேலியும் சம்சுதீனுடைய உம்மா வீட்டு வேலியும் ஒன்று. வேலி ஒன்றாய் இருந்தால் கலியாணத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அந்த வீட்டாருடையது. அவன் காலையில் இருந்து மூக்கைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஹனிபா மச்சானோடு ஒரு வார்த்தை கதைக்காமல், அத்தனை சஹனுக்கும் தண்ணீர் ஊற்றினான். ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை.

ஐந்து பேர் உட்கார்ந்துவிட்டோம். ஒராள் குறைகிறது.

அந்த நேரம் மோட்டார் சைக்கிள் சத்தம். புவனேஸ்வரி அக்காவும் அவவுடைய கணவர் திருச்செல்வம் அண்ணனும். வயலில் இருந்து வரப் பிந்திவிட்டதாம். நூர்ஜஹான் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தி, தனிக் கோப்பையில் சோறு போட்டாள். அண்ணனைக் கண்டதும் காசிம் காக்கா கத்தினார்:

"அண்ணன்! இஞ்ச ஒராள் குறையுது! பயப்படாதீங்க, மாடு இல்ல. இந்தச் சஹனுக்குக் கோழி!"

அண்ணன் சாரத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு பேர் சரி.

இனி நாம் முதலில் விட்டுவந்த கோழிக்குத் திரும்பலாம்.

சஹனில் இறைச்சியைப் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர்தான் பிரிக்கவேண்டும். பிரிக்கிறவர் மற்ற ஐந்து பேருக்கும் முன்னால் வைத்துவிட்டு, கடைசியாய் மிஞ்சியதைத்தான் தன் பக்கம் எடுக்கவேண்டும்.

வீட்டுக்காரர் என்ற முறையில் ஹனிபா மச்சான் கையை நீட்டினார்.

"நீங்க பிரிச்சா எனக்குச் செட்டைதான் வரும்," என்றான் சம்சுதீன். அன்றைக்கு அவன் மச்சானோடு கதைத்த முதல் கதை அதுதான்.

மச்சான் கையை எடுத்துவிட்டார். "அப்ப நீங்களே பிரிங்க."

"நான் பிரிச்சா நாளைக்கு ஊரெல்லாம் என்ன கதைப்பீங்க? ஹனிபாட ஊட்டுக் கோழிய சம்சுதீன் புடிச்சிட்டானெண்டு."

"நான் பிரிக்கட்டா?" என்றார் ஜப்பார்.

"நீ ரெண்டு காலையும் ரெண்டு பேருக்கும் தாறனெண்டு சொல்லிட்டு நீயே திண்டுருவாய்," என்றார் காசிம் காக்கா.

காகம் மூன்றாம் தரம் கத்தியது. திருச்செல்வம் அண்ணன் மெதுவாய்க் கேட்டார்: "இது ஒவ்வொரு நாளும் இப்பிடித்தானா?"

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் சஹனுக்குள் கையை விட்டேன். ஒரு காலைப் பிய்த்து அண்ணனுக்கு முன்னால் வைத்தேன், அவர் தூரத்து விருந்தாளி. மற்றக் காலைக் காசிம் காக்காவுக்கு, நெருப்பில் நின்றவர். நெஞ்சை இரண்டாய்க் கிழித்து மச்சானுக்கும் சம்சுதீனுக்கும் ஒரே அளவாய் வைத்தேன். இரண்டு பேரும் மற்றவருடைய துண்டைத்தான் பார்த்தார்கள். ஜப்பாருக்குச் செட்டை இரண்டும். எனக்குக் கழுத்துத் துண்டு.

கதிரையில் இருந்து அக்கா சிரிக்கத் தொடங்கினா. கோப்பை ஆடும் அளவுக்குச் சிரிப்பு.

"என்னக்கா?" என்றேன்.

"ஒண்டுமில்ல. இவ்வளவு நாளும் ரெண்டு பேரும் தவிசாளர் தவிசாளரெண்டு அடிபட்டீங்க. அந்தக் கதிரையில இருக்கிறவர் வேலையெல்லாத்தையும் தன்ர வட்டாரத்துக்குக் கொண்டு போயிருவாரெண்டுதானே பயம்? அப்ப கழுத்துத் துண்டு எடுக்கிற ஆளப் போடுங்களன்!"

ஆறு பேரும் மென்று கொண்டிருந்தோம்.

"ஆர்? அலியாரா?" என்று சம்சுதீன் முதலில் கேட்டான்.

"பிரிக்கிறவர் கடைசியா எடுக்கணும்," என்றா அக்கா. "சஹனுக்கு இருக்கிற சட்டம் சபைக்கும் இருக்கட்டும். தவிசாளர்ட வட்டாரத்து வேலை எல்லாருக்கும் பிறகு. இதுக்கு ஓமெண்டா என்ர கை உயரும்."

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு சம்சுதீனைப் பார்த்தார். "எனக்குக் கிடைக்காட்டியும் இவருக்குக் கிடைக்கல்லத்தானே," என்று விரலால் சம்சுதீனைக் காட்டினார்.

"அதத்தான் நானும் யோசிச்சன்," என்றான் சம்சுதீன்.

பிள்ளைகளே, பெரியவர்கள் எல்லா நேரமும் நல்ல காரணத்துக்காகச் சேருவார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஜப்பார் செட்டையைக் கடித்தபடி, "எனக்கு உப தவிசாளர்," என்றார்.

"தாறம், தாறம். நீ வாய மூடிச் சாப்பிடு," என்று குடையும் கேத்தலும் ஒன்றாய்ச் சொன்னார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் கழுத்துத் துண்டில் கொஞ்சம் இறைச்சிதான் இருந்தது, அதையும் சஹன் ஓரத்தில் வைத்துவிட்டேன். ஏனென்றால் மதகு என் வட்டாரத்தில் இருக்கிறது. தவிசாளர் ஆனால் அது கடைசி. ஆகாவிட்டால் ஒன்றுமே இல்லை, மறுபடி இரண்டு வேன்.

நூர்ஜஹானைப் பார்த்தேன். அவளுக்கும் விளங்கிவிட்டது. "சுமையாக்கு நீங்கதான் சொல்லணும்," என்றாள்.

பத்துக் கை

கலியாணப் படமெடுக்க வந்தவர் சாமான் கட்டும்போது எங்கள் சஹனையும் ஒரு படம் எடுத்திருக்கிறார். நாங்கள் கை கழுவி முடிக்குமுன் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. மேலே "ஆட்சி அமைந்தது" என்று ஆரோ எழுதிவிட்டார்கள். கொழும்பில் இருந்து இரண்டு கட்சிப் பெரியவர்களும் போன் கோல் எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு சுயேச்சைக்காரனுக்கா கை தூக்கப் போகிறீர்கள் என்று சத்தம்.

தெரிவு நாள் காலையில் ஹனிபா மச்சானுடைய போன் வேலை செய்யவில்லை, சார்ஜ் இல்லையாம். சம்சுதீனுடைய போனிலும் சார்ஜ் இல்லை. ஊரில் கரன்ட் இருந்தது.

இந்த முறை வேன் இல்லை. நடந்தே வந்தார்கள். அதிகாரி பதினொரு கதிரையும் நிரம்பியதைக் கண்டு தண்ணீர் குடித்துக்கொண்டார்.

என் பெயரைச் சம்சுதீன் பிரேரித்தான். ஹனிபா மச்சான் ஆமோதித்தார். மண்டபத்துக்கு வெளியே யன்னலில் தொங்கிக்கொண்டு நின்ற ஊர்ச்சனம் "ஆ!" என்றது. வேறு பெயர் இல்லையா என்று அதிகாரி கேட்டார். இல்லை. ஆனாலும் வந்த வேலையை முறையாய்ச் செய்ய விரும்பியவர் போல, ஆதரவானவர்கள் கையை உயர்த்தச் சொன்னார்.

எண்ணிப் பார்த்தார். பத்து.

"ஒருவர் எதிரா?" என்றார்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குடைக்காரர் கேத்தல்காரரைப் பார்க்க, கேத்தல்காரர் ஜப்பாரைப் பார்க்க, ஜப்பார் தன் இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார்.

அக்கா என் விலாவில் இடித்தா. "தம்பி, உங்கட கைதான்!"

எனக்கு நானே கை தூக்குவது வெட்கமாய் இருந்தது. பிறகு தூக்கினேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்கே சந்தியில் வெடி கொளுத்தினார்கள்.

அன்று பின்னேரம் சுமையாவை மோட்டார் சைக்கிளில் முன்னால் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய், கடலை வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நான் சொல்லி முடியும்வரை கடலையைத் தின்னவில்லை.

"அப்ப நம்மட மதகு?"

"கட்டுவம். ஆனா மத்தாக்கள்ட வேலை எல்லாம் முடிஞ்ச பிறகு."

"மாரிக்கு முன்னுக்கெண்டு சொன்னீங்க."

"சொன்னன்."

"நீங்க தவிசாளர் இல்லயெண்டா முதல்ல கட்டியிருப்பாங்களா?"

"நான் தவிசாளர் இல்லயெண்டா ஆரும் ஒண்டும் கட்டியிருக்க மாட்டாங்க, மகள்."

அவள் கடலைப் பையைப் பிரித்தாள். பிறகு, "இது நல்லாயில்ல வாப்பா," என்றுவிட்டுக் கடலையைத் தின்னத் தொடங்கினாள். திரும்பிவரும்போது எனக்கும் ஒரு பிடி தந்தாள்.

தவிசாளர் ஒழுங்கை

வேலைகள் நடந்தன. அக்காவின் வயல் ரோட்டுக்குக் கிரவல் போட்டு, அறுவடை மெசின் நேரே வயலில் இறங்கியது. அன்று அக்கா ஒரு பெரிய சட்டி நிறையப் பாலும் சர்க்கரையும் போட்டுப் பொங்கிய புக்கை அனுப்பியிருந்தா. சந்தி விளக்கு எரிந்தது. குப்பை மெசினுக்கு டயர் வந்தது. மீன் சந்தைக்குக் கூரை மாற்றினோம். ஒவ்வொன்றுக்கும் சண்டை நடக்கத்தான் செய்தது. மேசையில் அடித்தார்கள். குடை ஒரு தரம் வெளிநடப்புச் செய்தது. வெளியே மழை தூறியதால் திரும்பி வந்தது.

எங்கள் முறை வந்தபோது மாரியும் வந்துவிட்டது. வடிகாலில் நீர் நிறைந்தால் மண் தோண்ட முடியாது. மதகு, மழை விட்டபிறகுதான்.

ஊர் சும்மா விடுமா? "தவிசாளர் ஒழுங்கையில தோணி ஓடுதாம்!" என்று தேத்தண்ணிக் கடையில் கேட்டது. மீன்காரர் எங்கள் வாசலில் நின்று, "தவிசாளர் ஐயா, மீன் வாங்கத் தேவையில்ல, ஒழுங்கையிலயே புடிக்கலாம்," என்று கூவினார். நூர்ஜஹான் அவரிடம் அன்றைக்கு மீன் வாங்கவில்லை.

மழை விட்டதும் மதகு கட்டினோம். இன்றைக்கு அதன்மேல் சைக்கிள் ஓடுகிறது. அதில் எழுத ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மாரியில் ஒரு நாள் காலையை எழுதாவிட்டால் சுமையா என்னோடு கோபிப்பாள்.

இரவெல்லாம் கொட்டிய மழை. பள்ளிக்கூடம் மூடவில்லை, பரீட்சை. ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளைச் சீருடையோடு, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நீர்க்கரையில் நிற்கிறார்கள். நான் கடையைத் திறந்து வாங்குகளை எல்லாம் வெளியே எடுத்தேன். ஒன்றோடு ஒன்று தொடுத்து நீருக்குள் வைத்தேன். எல்லாம் நன்றாய் நின்றன. வடிகாலுக்கு மேலே வைத்த வாங்கு மட்டும் நிற்கவில்லை. கால் சேற்றில் புதைந்து, இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் ஆடியது.

அப்போது ஹனிபா மச்சான் வந்தார், குடை பிடித்துக்கொண்டு. ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. "தேர்தல் முடிஞ்சுது மச்சான்! சின்னத்த மடக்குங்க!" என்று சுவருக்கு அப்பால் இருந்து சம்சுதீன் சத்தம் வைத்தான்.

மச்சான் குடையை மடக்கி என் கையில் தந்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். நீருக்குள் இறங்கி வாங்கின் இந்த முனையைப் பிடித்தார்.

"ஓய் தண்ணி ஊத்துற ஆள்! மத்தத் தலப்ப ஆர் புடிக்கிற?"

சம்சுதீன் சுவர் ஏறிக் குதித்தான். இடுப்புவரை நனைந்து அந்த முனையைப் பிடித்தான். வாங்கு அசையாமல் நின்றது.

சுமையாதான் முதலில் ஏறினாள். புத்தகப் பையை முன்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடியாய் வைத்து, நடுவுக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து மச்சான், "நல்லாப் புடிங்க, உங்கட பக்கம் பதியுது," என்றார். "என்ட பக்கம் சரி, உங்கட பக்கம்தான் உயருது," என்றான் சம்சுதீன். வாங்கு கொஞ்சம் ஆடியது.

சுமையா அப்படியே நின்றாள். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"ஹனிபா மாமா, சம்சுதீன் மாமா, சண்டை புடிக்கிறெண்டா நான் அங்கால போன பொறகு புடிங்க."

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் நடந்துபோய் அக்கரையில் குதித்தாள். ஒரு துளி நீர்கூடப் பையில் படவில்லை.

மச்சான் வாயைத் திறக்கப் பார்த்தார். அதற்குள் அடுத்த பிள்ளை வாங்கில் ஏறிவிட்டது. அதற்குப் பின்னால் ஒழுங்கை மூலைவரை வரிசை நின்றது.